ஆடாத பைனாகுலர்

"கொஞ்சம் தள்ளுங்கக்கா" என்று முழங்கையால் இடித்தாள். நான் தள்ளவில்லை.

லாட்ஜின் மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டிக்கும் விளம்பரப் பலகைக்கும் நடுவே கடல் தெரிகிற இடம் இரண்டு முழம்தான். அதில் காலையிலிருந்து நான் நின்றுகொண்டிருந்தேன். இவள் யார் நடுவில்?

தன் வீட்டுக்காரர் கடலில் நிற்கிற அந்தக் கப்பலில் இருக்கிறார் என்றாள். என் வீட்டுக்காரரும் அதில்தான் இருக்கிறார் என்றேன். இரக்கப்படுவாள் என்று பார்த்தால், இன்னும் கொஞ்சம் நெருக்கிக்கொண்டு நின்றாள்.

கம்பெனிக்காரன் ஏதோ வழக்கில் மாட்டிக்கொள்ள, கோர்ட் கப்பலை நங்கூரம் போட்ட இடத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டது. யாரையும் இறங்க விடவில்லை. கரண்ட் போய், போன்களும் அடங்கிவிட்டன. நேற்று அதில் ஒருவர் செத்துவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நிஜமா புரளியா, நிஜமென்றால் யார் என்று சொல்ல ஆளில்லை. கம்பெனி ஆபீஸில் கேட்டால் விசாரிக்கிறோம் என்கிறான்.

கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

என்னிடம் அவருடைய பைனாகுலர் இருந்தது. கைக்குழந்தை கனம் கனக்கும். கையில் பிடித்துப் பார்த்தால் கப்பல் தையல் மெஷின் ஊசி மாதிரி குதித்தது. மேல்தளத்தில் ஆட்கள் நடமாடுவது தெரிந்ததே தவிர, யார் எவர் என்று பிடிபடவில்லை. மூச்சை அடக்கிப் பார்த்தேன். தொட்டியில் சாய்ந்து பார்த்தேன். அழுகைதான் வந்தது.

அவளிடம் ஒரு ட்ரைபாட் இருந்தது. அதன் தலையில் சின்ன கேமரா ஒன்றை மாட்டியிருந்தாள். அதில் கப்பலே கட்டைவிரல் அளவுதான்.

ஒருத்தியிடம் கண், ஒருத்தியிடம் கால். வாய்விட்டுக் கேட்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் அவள்தான், பிச்சை போடுகிற தோரணையில், கேமராவைக் கழற்றிவிட்டு பைனாகுலரை இதில் மாட்டி ஆளுக்குக் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்றாள்.

ட்ரைபாடின் காலை நீட்டக் குனிந்தபோது பார்த்தேன். மேல்பகுதியில் பழுப்பு ரெக்ஸின் சுற்றி, பெருக்கல் குறி போட்டுத் தைத்திருந்தது.

என் தையல். வெயிலில் இரும்பு கையைச் சுடுகிறது என்றாரே என்று என் தையல் கடையில் மிச்சமான துண்டில் நான் தைத்துக் கொடுத்தது. அந்த ட்ரைபாட் கடலில் விழுந்துவிட்டதாக அவர் சொன்னபோது, துக்கம் விசாரிக்காத குறையாகத் தேற்றியவளும் நான்தான்.

அதுவரை அவர். அந்த நொடியிலிருந்து அவன்.

நிமிர்ந்தேன். அவள் பைனாகுலரின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு நூலில் அவன் பெயரை முழுசாகப் பின்னியிருந்தேன். அவள் உதடு வெளுத்துவிட்டது.

அக்கா என்று கூப்பிட்டாளே, முறை சரிதான்.

ஓங்கி ஓர் அறை விடக் கை பரபரத்தது. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் செத்தது அவனாக இருந்தால்? அறைவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பைனாகுலரின் இரண்டு குழலுக்கும் நடுவில், முன்பக்கம், ஒரு சின்ன மூடி. அதைக் கழற்றினால் மரை. அதில் 'எல்' வடிவ இரும்புத் துண்டு ஒன்றைத் திருக வேண்டும். அதை வீட்டில் நான் தேடாத இடமில்லை. ட்ரைபாட் உறையிலிருந்து அவள் எடுத்தாள். அவசரத்தில் கோணலாக ஏற்றினாள். பிடுங்கி, எதிர்ப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, மரை சரியாக உட்கார்ந்த பிறகு நான் ஏற்றினேன். அவள் ட்ரைபாடின் கால்களை அகல விரித்து, ஒரு காலைக் கடல் பக்கம் வைத்தாள். அந்த வேலையில் குறை சொல்ல முடியவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

காற்றுக்கு ஆடாமலிருக்க நடுத்தண்டின் கொக்கியில் கனமாக எதையாவது தொங்கவிட வேண்டும். நான் கைப்பையை நீட்டினேன். அதே நேரம் அவளும் தன் பையை நீட்டினாள். சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவன்தானே. இரண்டையும் மாட்டினோம்.

முதலில் நான் குனிந்தேன். கப்பல் அசையாமல் நின்றது. துருப்பிடித்த பெயரைக்கூடப் படிக்க முடிந்தது. மெதுவாக மேல்தளத்துக்கு நகர்த்தினேன்.

கம்பியோரம் ஒருவன். சட்டை தொளதொளத்துக் கிடந்தது. முகம் தெரியவில்லை, அவன் கண்ணிலும் ஒரு பைனாகுலர். கரையில் கட்டடம் கட்டடமாகத் துழாவிக்கொண்டிருந்தான். இடுப்பைச் சாய்த்து நிற்கிற அந்த நிற்பு போதும் எனக்கு.

உயிரோடு இருந்தான். என் கண் நிறைந்துவிட்டது. வெட்கங்கெட்ட கண்.

அவன் பைனாகுலர் எங்கள் மாடிக்கு வந்து நின்றது. கையைத் தூக்கி ஆட்டினான். பழக்கதோஷம், நானும் தூக்கினேன். அதைப் பார்த்ததும், கீழே உட்கார்ந்து ட்ரைபாடைப் பிடித்துக்கொண்டிருந்தவள் துள்ளி எழுந்து, என் தோளோடு தோள் ஒட்டி நின்று இரண்டு கையையும் ஆட்டினாள்.

அவன் கை பாதியில் நின்றது.

பைனாகுலரைச் சட்டையில் துடைத்தான். மறுபடி பார்த்தான். பிறகு மெல்ல, ஒன்றும் நடக்காதது போல, அங்கே கிடந்த கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் குந்தினான். ஆறடி ஆள். முதுகு முழுக்க வெளியே தெரிந்தது.

நான் விலகி அவளுக்கு இடம் விட்டேன். வெகுநேரம் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். கண்ணை எடுக்காமலேயே ட்ரைபாடின் திருகைத் தடவிக் கண்டுபிடித்து, பைனாகுலர் இம்மியும் நகராதபடி இறுக்கினாள்.

"எவ்வளவு நேரந்தான் குந்தியிருக்கான்னு பாத்துடலாம்" என்றாள்.

நான் கீழே போய் இரண்டு நாற்காலி கேட்டு வாங்கி வந்தேன்.