லீலாவின் சம்மதம்

மணி ஏழு. கூட்டம் முடிகிற பாடில்லை. டீன் மருதப்பனின் கைபேசி மேசையில் லேசாக உறுமியது. மனைவி லீலாவின் பதில்.

"சரிங்க. உடம்பப் பாத்துக்குங்க."

பக்கத்தில் இருந்த துணை டீன் சேவியர் எட்டிப் பார்த்துவிட்டு, "குடுத்து வச்ச ஆளு சார் நீங்க. என் வீட்டுல இந்நேரம் போன் போட்டுக் கிழிச்சிருப்பாங்க லா," என்றார்.

மருதப்பன் சிரித்து வைத்தார். 'லேட்டாகும், நீ சாப்பிடு' என்ற செய்தி தினமும் ஏழு மணிக்குத் தானாகவே லீலாவுக்குப் போய்விடும்; கைபேசியில் அப்படி வழி செய்து வைத்திருந்தார். அவள் பதிலும் சொல்லிவைத்த மாதிரி உடனே வந்துவிடும். நல்ல மனுஷி என்று நினைத்துக்கொள்வார். அதற்கு மேல் நினைக்கத் தெம்பு இருந்ததில்லை.

பேராசிரியர்கள் வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அன்றைக்குக் கூட்டத்தில் பேச்சு. ஒருவழியாக முடிந்து எழுந்தபோது பல்கலைக்கழகத் தலைவர் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். டீன் பதவியில் இன்னும் மூன்று வருஷம் இருந்துவிடுங்கள், பதிலை இப்போதே சொன்னால் நல்லது என்றார்.

மருதப்பன் கைபேசியை எடுத்தார். இந்தத் தவணையோடு போதும், மறுபடி ஒத்துக்கொண்டால் எல்லை தாண்டி ஜொகூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போய்விடுவேன் என்று தீபாவளியன்றே லீலா சொல்லியிருந்தாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் பயம்.

ரொம்ப நாளைக்கு அப்புறம் அவளுக்குத் தன் கையாலேயே தட்டினார். 'இன்னும் மூணு வருஷம் இருக்கச் சொல்றாங்க. ஒத்துக்கவா?'

கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்து நின்றது. "சரிங்க. உடம்பப் பாத்துக்குங்க."

தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, டாக்சி பிடித்து நேரே டன்லப் தெருவுக்குப் போனார். அங்கேதான் லீலாவின் தையல் கடை. ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க இந்த நேரத்துல? யாராச்சும் செத்துட்டாங்களா?"

இல்லை என்று தலையாட்டினார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலைவர் கேட்டதையும் தான் வாக்குக் கொடுத்ததையும் சொன்னார். இவ்வளவு சுலபமாக அவள் விட்டுக்கொடுப்பாள் என்று எதிர்பார்க்கவே இல்லை என்றார்.

"நீ சரின்னதாலதான் ஒத்துக்கிட்டேன் லீலா."

ஊசி நின்றது. "நான் எப்பச் சொன்னேன்?"

அவர் தன் கைபேசியை நீட்டினார். லீலா வாங்கிப் படித்தாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து, மதியத்திலிருந்து உள்ளே சார்ஜில் கிடந்த தன் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்க நம்பருக்கு மட்டும் அதுவே பதில் போட்டுக்கும்ங்க."