நல்ல தண்ணிக் கிணறு

"ஒரு சொட்டும் தரமாட்டன்! கிணத்தைத் தொட்டால் கையை வெட்டுவன்!"

காட்டுக்கத்தியோடு கிணற்றுக்கட்டில் ஏறி நின்றார் தம்பிராசா. கிணற்றின் வாயை மூடியிருந்த கம்பிக் கதவில் பெரிய பூட்டு. வேலிக்கு அப்பால் கடற்கரைச் சனம் வெறும் கலன்களோடு நின்றது.

எல்லோருக்கும் முன்னால் சூசைதாசன். போன கிழமை இதே இடத்தில் நடந்த அடிபாட்டில் அவருடைய தலையில் ஆறு தையல் போட்டிருந்தார்கள்.

"மிஸ், எங்கடை கிணறெல்லாம் உப்பாப் போச்சு. தண்ணிப் பவுசரும் கிழமைக்கு ரண்டு தரம்தான் வருது. பிள்ளையளுக்குக் குடிக்கத்தானே கேக்கிறம்?" என்று அவர் ஆரபியிடம் கேட்டார்.

ஆரபி அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அரசாங்க உத்தியோகத்தர். காலநிலை மாற்றம், சமாதானம், பாதுகாப்பு மூன்றையும் சேர்த்துக் கொழும்பில் ஒரு தேசிய மூலோபாயம் எழுதிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரால் மூண்ட சண்டை ஒன்றையும், அது தீர்ந்த விதத்தையும் எழுதி அனுப்பும்படி அவளிடம் கேட்டிருந்தார்கள். சண்டை கையில் இருந்தது. தீர்வுதான் இல்லை.

மூன்று மாதம் அலைந்து இரண்டு பகுதியையும் ஒரு மேசையில் இருத்தினாள். ஊர்ப் பொதுக்கிணற்றைக் காலையில் ஒரு மணித்தியாலம் கடற்கரைச் சனத்துக்கும் திறந்துவிட ஊர்ச் சங்கம் ஒருவழியாகச் சம்மதித்தது. பூட்டின் திறப்பை வைத்திருந்த தம்பிராசா மட்டும் மசியவில்லை. கடுங்கோடைக்கு வேண்டுமென்று தையிலிருந்து தன் ஊராரையே பவுசரை நம்பியிருக்க வைத்து, வாளி போட விடாத மனுசன் அவர்.

"நாளைக்குக் காலமை பொலிசு வந்து பூட்டை உடைக்கும். அதுவரைக்கும் பொறுங்கோ அண்ணை" என்று ஆரபி சூசைதாசனிடம் சொன்னாள். முணுமுணுத்தபடி சனம் கலைந்தது.

வெயில் நெருப்பாய் எரித்தது. ஆரபிக்கு நா வறண்டது.

"ஐயா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறியளோ?"

தம்பிராசா கத்தியைக் கீழே வைத்தார். பக்கத்திலிருந்த வீட்டுக்குள் போய் ஒரு சோடாப் போத்தலோடு வந்து, மூடியை உடைத்துக் கொடுத்தார். கோபத்திலும் உபசாரம் குறையாத மனுசன் என்று ஆரபி நினைத்துக்கொண்டாள். அந்தத் துணிவில் மெல்லக் கதைத்துப் பார்த்தாள்.

"அவையும் உங்களைப்போலை இருவத்தஞ்சு வரியம் முகாமிலை கிடந்திட்டு வந்த சனம்தானே ஐயா? தண்ணி இல்லையெண்டு திரும்பவும் போகச் சொல்லுறியளோ?"

தம்பிராசா வேலிக்கு அப்பால் இருந்த ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்தார். "உடைக்க வேண்டாமெண்டு சொல்லேலாதோ, பிள்ளை?"

"இனி ஏலாது ஐயா. சண்டை தீர்ந்துதெண்டு கொழும்புக்கும் எழுதி அனுப்பிப்போட்டன்."

தம்பிராசா மடியிலிருந்து திறப்பை எடுத்தார். பூட்டைத் திறந்து வாளியை இறக்கினார். கலங்கல் இல்லாத தண்ணீர் தளும்பத் தளும்ப மேலே வந்தது. மனுசன் மனம் இரங்கிவிட்டார் என்று ஆரபிக்கு ஒரே சந்தோசம். இரண்டு கையாலும் அள்ளி வாயில் விட்டாள்.

உப்புக் கரித்தது; விழுங்க முடியவில்லை. துப்பினாள்.

"எப்ப தொடக்கம், ஐயா?"

"தை தொடக்கம்."

"ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு. இப்ப உமக்கு."

ஆரபி தொலைபேசியைக் கையில் எடுத்தாள். யாரை அழைப்பது, என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒழுங்கை முடக்கில் நாளைக்கு யார் முதலில் வருவதென்று பெண்கள் சிரித்துக் கதைப்பது கேட்டது.

"எங்கடை ஊரிலை நாப்பது குடும்பம், அங்கை அறுபது. இதுவும் போச்செண்டு தெரிஞ்சால் எல்லாம் சாமானைக் கட்டிக்கொண்டு போயிடும்" என்றார் தம்பிராசா. வாளித் தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டு, மறுபடியும் பூட்டைப் போட்டார்.

"சண்டை பிடிச்சுக்கொண்டெண்டாலும் ஊரிலை இருக்கட்டுமெண்டுதான் பூட்டினனான், பிள்ளை."