கம்பிப் பதம்

சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரே பிடியில் கிளம்பியது.

புகை இல்லை. 'டக் டக்' சத்தம் இல்லை.

காலையில்தான் ஊற்றியிருந்தான். லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கிழட்டு எஞ்சின்களுக்கென்றே விற்கிற கெட்டி மருந்து. எஞ்சின் ஆயிலோடு ஒரு டப்பா கலந்தால் போதும் என்று மேலே போட்டிருந்தது.

இவன் இரண்டை ஊற்றினான்.

நாளை மறுநாள் வெளியூரில் புது வேலை. கார் விற்றால் அங்கே வீடு பிடித்து மனைவி, குழந்தையோடு போகலாம். விற்காவிட்டால் அவன் மட்டும், முன்பின் தெரியாத நான்கு பேரோடு ஓர் அறையில்.

குழந்தைக்கு நேற்றுத்தான் 'ப்பா' வந்திருந்தது.

மாடி ஜன்னலில் மனைவி நின்றாள். "உள்ளதைச் சொல்லிடுங்க" என்று காலையிலிருந்து நான்கு தடவை சொல்லிவிட்டாள்.

கார் பார்க்க வந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். டயரை உதைக்கவில்லை. பெயின்டைத் தடவவில்லை. டிரைவர் பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கி இழுத்தாள், திறந்தது. உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தாள்.

நாற்பத்தோராயிரம்.

"இது எத்தனாவது சுத்து தம்பி?"

ஐந்து இலக்க மீட்டர். லட்சத்தைத் தொட்டால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும்.

"ரெண்டாவதுக்கா."

"மூணுன்னே சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

அவனுக்குக் காது சுட்டது.

எஞ்சினை நிறுத்தச் சொன்னாள். பானெட்டைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவினாள்.

ஆயில் சொட்டவில்லை. நூலாக இறங்கியது, அறுபடாமல்.

"என்ன தம்பி, எஞ்சினுக்குள்ள பாகு காய்ச்சுறீங்களா? கம்பிப் பதம் வந்திருச்சே!"

மாட்டிக்கொண்டான்.

சமாளிக்க நாலு பொய் தயாராக இருந்தது. நிமிர்ந்தான். ஜன்னலில் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"புகை வருதுக்கா" என்றான். "வாங்கின மூணாம் மாசமே ஆரம்பிச்சிருச்சு. ஆறு வருஷமா ஆயில் ஊத்தி ஊத்தித்தான் ஓட்டுறேன். இன்னைக்கு ரெண்டு டப்பா மருந்து. உங்களை ஏமாத்தத்தான்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசானது. வெளியூர் அறையும் அந்த நான்கு பேரும் கண்முன் வந்தார்கள். பானெட்டை மூடக் கை வைத்தான்.

அவள் தடுத்தாள்.

"எண்ணெய் கசிஞ்சா இந்த மருந்து கேக்கும். இதுக்குத் தேய்ஞ்சிருக்கிறது பிஸ்டன் ரிங். மாத்தணும். சொந்தப் பட்டறை இருக்கு, மாத்திக்கிறேன். நீங்க சொன்ன விலையே இருக்கட்டும். ஆர்.சி. புக்கை எடுத்துட்டு வாங்க."

அவனுக்கு விளங்கவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுமா வாங்குறீங்க? ஏன்க்கா?"

அவள் குச்சியைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி, புரோக்கரை வச்சு இதை உங்க தலையில கட்டினப்போ, நான் மூணு டப்பா ஊத்தினேன் தம்பி."