செருகாத ஒயர்

டிவிக்கு அடியில் இரண்டு வீடியோ கேம் கன்ட்ரோலர்கள் குடியிருந்தன. பெரியதை வைத்து அக்கா ஆடுவாள். தங்கை அழாமல் இருக்க, ஒயரைச் செருகாமலே சின்னதை அவள் கையில் கொடுத்துவிடுவாள். அக்கா ஜெயிக்கும்போதெல்லாம், "பாத்தீங்களாண்ணே என் ஆட்டத்தை!" என்று சின்னது துள்ளும். செருகாத ஒயரைப் பற்றிப் பெரியது அதனிடம் சொன்னதே இல்லை.

போன வாரம் புது கேம் ஒன்று வந்தது. இரண்டு பேர் சேர்ந்து குதித்தால்தான் அதில் கதவே திறக்கும். வேறு வழியில்லாமல் அக்கா சின்னதற்கும் ஒயரைச் செருகினாள்.

முதல் தாவலிலேயே திரையில் தங்கையின் முயல் பள்ளத்தில் விழுந்தது. சின்னது கிடுகிடுவென்று அதிர்ந்தது.

"போச்சா! உன்னாலதான் தோத்தோம்," என்றது பெரியது.

"உடம்பெல்லாம் அதிருதுண்ணே! இத்தனை நாள் ஜெயிச்சப்ப ஒருதரம்கூட இப்படி ஆகலையே! வாங்கண்ணே, இன்னொரு வாட்டி விழலாம்!"