தியேட்டர் பெட்டி

“பெட்டிக்குள்ள ஒரு பொம்புள இருக்கா, காக்கா.”

படலைக்கு வெளியே, தெருவில் நின்றபடிதான், அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிடும் காலிதீனிடம் கிசோக் இதைச் சொன்னான். அவனுடைய கிட்டார் உள்ளே கிடந்தது. அதை எடுக்கக்கூட அவன் வரத் தயாராக இல்லை.

அஸர் தொழுதுவிட்டு வந்த காலிதீனுக்குச் சிரிப்பு வந்தது. சாய்ந்தமருதில் பழுதான ரேடியோவுக்கும் அம்ப்ளிபயருக்கும் அவரை விட்டால் ஆளில்லை. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் மைக் செத்துப்போனபோது, சின்ன ஸ்பீக்கர் ஒன்றையே மைக்காகக் கொழுவிக் கொடுத்து அதிபரைப் பேசவைத்த மனிதர். பேய் என்றால் நம்புவாரா?

“பழைய அம்ப்ளிபயர் தம்பி. எங்கயாவது ரேடியோவ இழுத்திருக்கும். என்ன சொன்னா அவ?”

“‘தேத்தண்ணி ஆறுது, குடி’ எண்டு சொன்னா.”

“நல்ல பேய்தானே.”

கிசோக் சிரிக்கவில்லை. அவன் கல்முனையில் கல்யாண வீடுகளுக்கு ஸ்டீல் கிட்டார் வாசிப்பவன். மடியில் கிடத்தி, தந்திமேல் இரும்புத் துண்டை வழுக்கவிட்டு அழவைக்கிற கிட்டார் அது. புதுப் பெட்டிகளில் அந்த அழுகை சரியாக வரவில்லை என்று, மூடிப்போன தியேட்டர் ஒன்றின் ஸ்பீக்கர் பெட்டிகள் காலிதீனிடம் கிடப்பதைக் கேள்விப்பட்டு வந்திருந்தான். முப்பது வருஷமாகப் படங்களில் அழுத பெண்களில் ஒருத்தி அதற்குள்ளேயே தங்கிவிட்டாள் என்று இப்போது அவனுக்குத் தோன்றியது.

அவனைக் குறைசொல்ல முடியாது. அந்தப் பெட்டிகள் வந்த நேரம் அப்படி. போன மாரி மழையில், வாப்பா சொன்னதற்காக அக்கரைப்பற்றிலிருந்து அவற்றை ஓட்டோவில் ஏற்றிவந்தவன் காலிதீனின் ஒரே மகன் றுமைஸ். வழியில் பஸ் மோதியது. இரண்டு பெட்டிகளும் ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்தன. றுமைஸ் ஜனாஸாவாக வந்தான்.

அன்று வாயை மூடியவள்தான் அவனுடைய உம்மா கைருன்னிஸா. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். ஓதிய தண்ணீரும் கொடுத்துப் பார்த்தாயிற்று. சமைத்தாள், தொழுதாள், தேத்தண்ணி ஊற்றினாள், ஆனால் ஒரு சொல் இல்லை.

பெட்டிகளில் ஒன்றை இழுத்துப்போய் றுமைஸின் அறையில் வைத்துக்கொண்டாள். காலிதீன் கேட்டபோது அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவருக்கு அதைப் பறிக்க மனம் வரவில்லை. கிட்டாருக்கு இரண்டும் சேர்ந்து பாடட்டும் என்று, சுவரில் துளை போட்டு வயரை மட்டும் வேலை அறைக்கு இழுத்துக்கொண்டார்.

“ஏசட்டும், தூக்கி அடிக்கட்டும் தம்பி. என்னோட ஒரு சொல் கதைச்சாக் காணும்,” என்று கிசோக்கிடம் ஒருமுறை சொல்லி அழுதிருக்கிறார்.

மறுநாள் கிசோக் கிட்டாரை எடுத்துப்போக வந்தான். காலிதீன் விடவில்லை.

“இரு. அந்த ரேடியோ எந்த நாட்டுது எண்டு நான் சொல்லுறன்.”

“நீங்க இருந்தாக் கதைக்காது காக்கா. நீங்க பள்ளிக்குப் போன பிறகுதான் கதைக்கும்.” தொழுகிற ஆளைக் கண்டால் பேய் வாய் திறக்காது என்பது அவனுடைய முடிவு.

கைருன்னிஸா மூன்று கோப்பைத் தேத்தண்ணியோடு வந்தாள். இரண்டை மேசையில் வைத்துவிட்டு, மூன்றாவதோடு மகனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அஸர் பாங்கு கேட்டது. காலிதீன் தொப்பியைப் போட்டுக்கொண்டு படலையைச் சத்தமாக அடித்துச் சாத்தினார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு திரும்பி வந்தார். இப்படி ஒரு கள்ளத்தனம் அவர் செய்ததே இல்லை.

கிசோக் அம்ப்ளிபயரைப் போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்தான். இருவரும் வேலை அறைப் பெட்டியின் முன்னால் குந்தினார்கள். முதலில் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு யாரோ மூச்சு விட்டார்கள். பலகையில் கோப்பை வைக்கிற சத்தம், காதுக்குப் பக்கத்தில் வைத்தது போலக் கேட்டது.

“தேத்தண்ணி ஆறுது, குடி.”

கரகரத்த, பாவிக்காமல் கிடந்த குரல். கிசோக் காலிதீனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

காலிதீன் அம்ப்ளிபயரின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். றுமைஸின் அறைப் பெட்டியிலிருந்து சுவர்வழியாக வந்த வயர், மைக் கொழுவுகிற ஓட்டையில் இருந்தது.

“இத ஆரு இதில கொழுவின?”

“நான்தான். எல்லா ஓட்டையும் ஒரே மாதிரிக் கிடந்தது. பிழையா காக்கா?” கிசோக் வயரைப் பிடுங்கப் போனான்.

“தொடாத தம்பி.” காலிதீனின் கண்ணீர் தாடியில் இறங்கியது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்திக் கேட்ட குரல் அது. ஓடிப்போய் அந்தக் கதவைத் தட்டவேண்டும் போல இருந்தது. எழும்பியும் விட்டார்.

அப்போது பெட்டி மறுபடியும் பேசியது.

“வாயத் திறந்தா, மழைக்குள்ள ஒன்ன ஏன் அனுப்பின எண்டு வாப்பாட்டக் கேட்டிருவன் மகன். அவர் தாங்கமாட்டார்.”