மழைத்துளிக்கு வவ்வால் எழுதியது

“அந்த வவ்வால் யாருன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும், தம்பி!”

மொழி ஆசிரியை கதவைக்கூடத் தட்டாமல் கணினி அறைக்குள் வந்து நின்றார். கம்ப்யூட்டர் சார் பதறி எழுந்தார்.

பதறாமல் என்ன செய்வார்? அந்தக் கல்லூரியில் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘சிவப்பு மை’. அவர் திருத்திக் கொடுத்த கட்டுரையைப் பார்த்து மூக்கைச் சிந்தாதவர்கள் குறைவு.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் இணையத்தில் படித்துக் கருத்துச் சொல்லும் ஏற்பாட்டை கம்ப்யூட்டர் சார் கொண்டுவந்தபோது, முதலில் எகிறியவரும் அவர்தான். “எழுதத் தெரியாததுங்க, எழுதத் தெரியாததுங்களைத் திருத்துமா? நல்ல கூத்து!”

முதல்வர் சரி என்று தலையாட்டிவிட்டதால் திட்டம் பிழைத்தது. யார் எழுதியது, யார் படித்தது என்று, சார் பதிவேட்டைத் திறந்து பார்த்தாலொழிய, யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவரவரே வைத்துக்கொண்ட புனைபெயர்தான். ‘உங்க பேர் வெளியே போகாது, நான் பொறுப்பு’ என்று சார் வகுப்பில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன பிறகுதான், வாயே திறக்காத பிள்ளைகள்கூட எழுத வந்தார்கள்.

“பேரைச் சொல்ல மாட்டேன்னு பசங்களுக்கு வாக்கு குடுத்திருக்கேன் மேடம்...”

“முதல்ல இதைப் படிங்க.”

திரையில் ‘மழைத்துளி’ என்ற பெயரில் ஒரு கட்டுரை. சலவைக்கடையில் நின்று நின்றே கால் வீங்கிப்போன ஓர் அம்மாவைப் பற்றியது. சார் படித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

“பிரமாதம் மேடம். ஒரு பிழைகூட இல்லை.”

“இதுக்கு அந்த வவ்வால் எழுதியிருக்கிறதைப் பாருங்க.”

‘அழகாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் கால்கள், இஸ்திரிப்பெட்டியின் சூடு எல்லாம் தெரிகிறது. ஆனால் இத்தனை பக்கத்தில் அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நீங்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அவர் எதற்குச் சிரிப்பார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதோ என்று எனக்குச் சந்தேகம். அம்மா இருந்தால், போய்க் கேளுங்கள். பிறகு எழுதுங்கள்.’

சார் கட்டுரையை மறுபடி மேலிருந்து பார்த்தார். உண்மைதான். ஒரு வார்த்தை இல்லை. அவருக்குப் புல்லரித்தது. கூடவே பயமும் வந்தது.

“கொஞ்சம் வாய்த்துடுக்கு மேடம். சின்னப் புள்ள. தண்டனை கிண்டனைன்னு...”

“தண்டனையா?” சிவப்பு மை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. “இத்தனை வருஷமா புள்ளி விட்டுப்போச்சு, கால் விட்டுப்போச்சுன்னு சுழிச்சே காலத்தை ஓட்டிட்டேன். இப்படி ஒரு வரி எனக்கு எழுத வந்ததில்லை தம்பி. இந்த வயசுல ஒரு குழந்தைக்கு இது எங்கிருந்து வருது? அந்தக் கையைப் பிடிச்சு ஒரு தடவை கண்ணுல ஒத்திக்கணும். அவ்வளவுதான்.”

ஒரு சொடுக்கு போதும், பெயர் வந்துவிடும். சாரின் விரல் சுட்டியின் மேல் தயங்கியது. பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

“வாக்கு வாக்குதான் மேடம். மன்னிச்சுக்கோங்க.”

ஆசிரியை கோபப்படவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பிள்ளைகள் திரைகளுக்கு முன்னால் குனிந்திருந்தார்கள். ஒருவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒருத்தி கொட்டாவி விட்டாள். கோயிலைப் பார்ப்பதுபோல அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லாதீங்க. அதுவும் நல்லதுதான். இவங்கள்ல யாரா வேணா இருக்கலாம். இனிமே எல்லார் முகத்தையும் மரியாதையா பார்ப்பேன்.”

“அது சரி மேடம், அந்த மழைத்துளி பாவமில்லையா? மனசு உடைஞ்சிருக்குமே?”

“முதல்ல கோபம்தான் வந்துச்சு. அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டு, உனக்கு என்னம்மா பிடிக்கும்னு கேட்டுச்சு. அந்தம்மா பேச ஆரம்பிச்சதும் நிறுத்தவே இல்லை. நீச்சல்னா உசுராம். சின்ன வயசுல ஆத்தை நீந்திக் கடந்து பந்தயத்துல ஆம்பளைங்களையே தோக்கடிச்சாங்களாம். பெத்த பொண்ணுக்கு இது தெரியவே தெரியாது.”

“அடேயப்பா!” என்ற சார், சட்டென்று நிமிர்ந்தார். “மேடம், அந்தப் பேரும் ரகசியமாச்சே! மழைத்துளி யாருன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

சிவப்பு மை எழுந்து கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“கண்டுபிடிக்க என்ன இருக்கு? உங்க திட்டம் எதுக்கும் உதவாதுன்னு நிரூபிக்கிறதுக்காக, மழைத்துளின்னு பேர் வச்சுக்கிட்டு நானே எழுதிப் போட்ட கட்டுரை அது, தம்பி!”