குடும்பத்தில் யாருக்காவது

ஊசி கிடையாது என்று சத்தியம் செய்துதான் மகளை டான்சில் ஆபரேஷனுக்குக் கூட்டி வந்திருந்தான்.

மூக்கின் மேல் மாஸ்க் வைப்பார்கள். இனிப்பாக ஒரு வாசனை வரும். அவ்வளவுதான், தூங்கிவிடலாம்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவும் அதையே சொன்னார். இந்த வாயு ரத்தத்தில் அதிகம் கரையாது. அதனால் மயக்கம் சட்டென்று வரும். நிறுத்தினால் மூச்சோடு மூச்சாக வெளியே போய்விடும்.

"கடைசியா ஒண்ணு சார். குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்தால பிரச்சினை வந்திருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அண்ணன் நினைவு வந்தது.

பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே குடல்வால் ஆபரேஷனுக்குப் போனவன். மேஜையிலேயே தாடை இறுகி, உடம்பு அனலாகக் கொதித்து, அப்படியே போய்விட்டான். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்லவேளை சொன்னீங்க. சிலருக்கு இந்த வாயு பட்டாலே அப்படி ஆகும். பரம்பரையா வர்றது. பாப்பாவுக்கு வாயு வேண்டாம், நரம்பு வழியா மருந்து குடுத்துடலாம்."

நரம்பு வழியாக என்றால் ஊசி.

மெஷினிலிருந்து மயக்க வாயுக் குப்பியைக் கழற்றினார்கள். குழாய்களை மாற்றினார்கள். மிச்சம் மீதி இருக்கக்கூடாது என்று வெறும் ஆக்சிஜனை வெகுநேரம் ஓடவிட்டார்கள்.

பிறகு அவன்தான் மகளின் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"பொய் சொல்லிட்டீங்கப்பா. இனிமே உங்ககூட காய்," என்று அழுதுகொண்டே அவள் கண் செருகினாள்.

வெளியே வந்தபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்த மனைவி அப்போதுதான் பையோடு வந்து சேர்ந்தாள்.

"ஊசியா? மாஸ்க்னுதானே சொன்னாங்க?"

அண்ணனைப் பற்றிச் சொன்னான். பரம்பரை என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னான். அந்த ஒரு கேள்வி மட்டும் கேட்காமல் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்றான்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்க பரம்பரை எப்படிங்க இவளுக்கு வரும்? காப்பகத்துலேர்ந்து நாம தூக்கிட்டு வரும்போதே இவளுக்கு ஏழு மாசம்."

அவனுக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.